பம்பைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல 20 மில்லி செகண்ட்

செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போனா சுமார் 30 கிலோமீட்டர். அந்த ரோட்டோரத்துல ஏதாவது ஒரு சின்னக் கோயில்ல சாயங்கால தீபாராதனைக்கு நின்னு பாருங்க. பூசாரி கற்பூரம் ஏத்துறதுக்கு முன்னாடி சுவத்துல ஒரு சுவிட்சைத் தட்டுவார். இரும்புச் சட்டத்துல மாட்டின ஒரு முரசு, ரெண்டு மணி, ஒரு ஜால்ரா, பின்னாடி ஒரு மோட்டார். டங் டங் டங் டங்னு ஆரம்பிச்சிடும். முரசு மேல யாரோ ஒருத்தர் பேரும், பக்கத்துல 'உபயம்'னும் பெயின்ட்ல எழுதியிருக்கும். தமிழ்நாட்டுல வளர்ந்தவங்க யாருக்கும் இந்தச் சத்தத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அந்த மெஷின் வர்றதுக்கு முன்னாடி அதே இடத்துல ஒரு ஆள் நின்னார். கையில தவில் இருந்திருக்கலாம், பம்பை இருந்திருக்கலாம், வெறும் சேகண்டியா கூட இருக்கலாம். தட்டு மேல போகும்போது அவர் கை வேகமாகும், கற்பூரம் அடங்கும்போது அதுவும் அடங்கும். மெஷின் கற்பூரத்தைப் பார்க்கிறதில்லை. அதுக்குத் தெரிஞ்சது ஒரு வேகம்தான். கரண்ட் போனா மட்டும் மனுஷன் மாதிரி மெதுவா சோர்ந்து நிக்கும்.

இன்னைக்கு எபிசோடு இந்த மெஷினைப் பத்தி இல்லை. இதோட ரொம்பப் படிச்ச ஒரு சொந்தக்காரரைப் பத்தி. நீங்க இன்னைக்குக் காலையில ஹெட்போன்ல கேட்ட பாட்டுல அநேகமா அவர் கை வச்சிருப்பார். அவர் பேரு குவான்டைஸ்.

அது என்னன்னு முதல்ல பார்த்துடலாம். ப்ரோ டூல்ஸ், லாஜிக், ஏபிள்டன், எஃப்.எல். ஸ்டுடியோ, எந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தாலும் திரை முழுக்க செங்குத்துக் கோடுகள் இருக்கும். அதுக்குப் பேரு கிரிட், நம்ம பாஷையில கட்டம். நிமிஷத்துக்கு 120 அடின்னு வேகத்தை வச்சா, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் 500 மில்லி செகண்ட். அதை நாலாப் பிரிச்சா 125. இப்ப ஒருத்தர் டிரம் அடிச்சார், அது கோட்டுக்கு 18 மில்லி செகண்ட் தள்ளி விழுந்துச்சுன்னு வைங்க. குவான்டைஸ் பட்டனை அழுத்தினா அந்த அடி நகர்ந்து கோட்டு மேல போய் உட்கார்ந்துக்கும். முழுசா நகர்த்த வேண்டாம், 50 சதவீதம் போதும்னு சொன்னா 9 மில்லி செகண்ட் நகரும். அவ்வளவுதான் விஷயம்.

18 மில்லி செகண்ட்னா எவ்வளவு? தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண் இமைக்கிற நேரத்தையும் கைநொடிக்கிற நேரத்தையும் சொல்லுது. அளவுகோல் உடம்புலயே இருக்கு. ஆனா கண்ணை ஒரு தடவை இமைக்கவே 100 மில்லி செகண்டுக்கு மேல ஆகும். அப்படின்னா கம்ப்யூட்டர் திருத்துறது ஒரு இமைப்புக்குள்ள நடக்கிற விஷயம். "தாமதமா விழுந்துச்சு"ன்னு உங்க காதால சுட்டிக்காட்ட முடியாது. ஆனா "என்னமோ மாறிடுச்சு"ன்னு சொல்ல முடியும்.

"ஆளு நான் இல்ல"

கூடுவாஞ்சேரியில ஒரு வீட்டு ஸ்டுடியோவுல இதை நேரா பார்த்தேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு சவுண்ட் என்ஜினியர் ஒரு தனிப்பாட்டுக்காக, திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்துல இருந்து ஒரு பம்பை ஆசானைக் கூட்டிட்டு வந்திருந்தார். பம்பைன்னா ரெண்டு உருளை மேளம், ஒன்னோட ஒன்னு சேர்த்துக் கட்டினது. ஒன்னு மரம், இன்னொன்னு வெண்கலமோ பித்தளையோ. இடுப்புல கட்டிக்கிட்டு அடிப்பாங்க. வட தமிழ்நாட்டுல அங்காளம்மன், மாரியம்மன் கோயில் விழான்னா பம்பை, உடுக்கை, சிலம்பு மூணும் இல்லாம நடக்காது.

ஆசான் காதுல ஹெட்போன் மாட்டினாங்க. உள்ள கிளிக் சத்தம். கொஞ்ச நேரம் அடிச்சுட்டு நிறுத்தினார்.

"தம்பி, இது யாரு கூடவே அடிச்சிக்கிட்டு வர்றது?"

"மெஷின்ணே. தாளத்துக்கு."

"அப்ப அதைத் தனியா அடிக்கச் சொல்லு, நான் கேட்டுட்டு வர்றேன்."

எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் ஒரு பக்கக் காதை மட்டும் கழட்டி விட்டுட்டு அருமையா வாசிச்சார். அவர் டீ குடிக்கப் போன நேரத்துல என்ஜினியர் முழு டிராக்கையும் செலக்ட் பண்ணி கட்டத்துல உட்கார வச்சார். திரும்பி வந்தவருக்குப் போட்டுக் காட்டினார்.

(பாட்காஸ்டில் இந்த இடத்தில் இரண்டு ஒலித்துணுக்குகள் வருகின்றன: முதலில் திருத்தியது, பிறகு திருத்தாதது.)

ஆசான் கேட்டுட்டு சொன்னது இதுதான்: "அடி என்னுதுதான். ஆளு நான் இல்ல."

என்ஜினியர் மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரலை. அந்தப் பாட்டுல ஏற்கெனவே கீபோர்டு, பேஸ், கிக் எல்லாம் கோட்டு மேல ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அதுக்கு நடுவுல பம்பை மட்டும் நகர்ந்து நகர்ந்து வந்தா, கேட்கிறவங்களுக்கு அது உயிரோட்டமா தெரியாது, சறுக்கலாத்தான் தெரியும். எல்லாரும் சீருடையில நிக்கிற வரிசையில ஒருத்தர் மட்டும் வேட்டியோட நிக்கிற மாதிரி. தப்பு வேட்டியில இல்லைதான்.

ஆனா அன்னைக்கு ராத்திரி நாங்க திருத்தாத டிராக்கைப் பெருசாக்கிப் பார்த்தோம். வெண்கலப் பக்கத்து அடி கோட்டை ஒட்டியே விழுது. மரத்துப் பக்கத்து அடி ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் பின்னாடி. ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே அளவு பின்னாடி. கை தவறினா இப்படி ஒரே இடத்துல தவறாது. அது அவர் நடை. கடைசியில பாதி அளவுக்குத்தான் திருத்தறதுன்னு முடிவாச்சு. கிக் டிரம்மைக் கொஞ்சம் இறக்கி, பம்பைக்கு வழிவிட்டாங்க.

கட்டம் எங்கிருந்து வந்துச்சு

தாளத்தை மெஷின் கையில கொடுக்கிற பழக்கம் கம்ப்யூட்டருக்கு முந்தினது. சினிமாதான் ஆரம்பிச்சு வச்சது. 1929-ல வால்ட் டிஸ்னி நிறுவனம் 'தி ஸ்கெலட்டன் டான்ஸ்'னு ஒரு கார்ட்டூன் எடுத்துச்சு. அதுக்கு இசையமைச்ச கார்ல் ஸ்டாலிங்தான், வாத்தியக்காரங்களுக்குக் காதுல டிக் டிக்னு ஒரு சத்தத்தைக் கொடுத்து வாசிக்க வைக்கிற முறைக்கு முன்னோடின்னு சொல்றாங்க. எலும்புக்கூடு காலை வைக்கிற ஃபிரேம்லயே இசையும் விழணும் இல்லையா? ஃபிலிம் ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம் ஓடுது. 12 ஃபிரேமுக்கு ஒரு டிக்னா நிமிஷத்துக்குச் சரியா 120. அப்பயே தாளம் இசைக்காரர் கையை விட்டு ஃபிலிம் ரோலுக்குப் போயிடுச்சு.

அடுத்த பெரிய அடி 1980. அமெரிக்காவுல ரோஜர் லின்னு ஒருத்தர் 'எல்.எம்-1'னு ஒரு டிரம் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தார். நிஜ டிரம்மோட சத்தத்தைப் பதிவு பண்ணி சிப்புல வச்சு வாசிச்ச முதல் டிரம் மெஷின் அது. விலை சுமார் 5,000 டாலர். விரல்ல தட்டினதைக் கட்டத்துக்கு இழுத்துப் போடுற வசதி அதுல இருந்துச்சு. அதைவிட எனக்கு முக்கியமாப் படுறது, அதே மெஷின்லயே அந்தக் கட்டத்தைக் கோணலாக்குற வசதியும் இருந்துச்சு. அதுக்குப் பேரு ஸ்விங். ரெட்டை ரெட்டையா வர்ற அடியில ரெண்டாவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுறது. 50 சதவீதம்னா நேர்க்கோடு, 66-ன்னா மூணுல ஒரு பங்கு தள்ளி. நடுவுல 54, 58, 62-ன்னு வச்சா ஒவ்வொன்னுக்கும் ஒரு சுபாவம் வரும். லின் பின்னாடி அகாய் கம்பெனிக்காக வடிவமைச்ச எம்.பி.சி-60, 1988-ல வந்துச்சு. ஹிப்-ஹாப் இசை அந்தப் பெட்டி மேலதான் வளர்ந்துச்சு. ஆகவே கட்டம் போட்ட ஆளுக்கே கட்டம் மட்டும் போதாதுன்னு முதல் நாள்லயே தெரிஞ்சிருக்கு. இந்தத் தகவல் நம்ம விவாதங்கள்ல ஏனோ வர்றதே இல்லை.

1983-ல மிடி வந்துச்சு, வேற வேற கம்பெனி கருவிகள் ஒன்னோட ஒன்னு பேசிக்க ஆரம்பிச்சது. 2000-களின் தொடக்கத்துல ப்ரோ டூல்ஸ்ல 'பீட் டிடெக்டிவ்'னு ஒரு கருவி வந்துச்சு. அதுவரைக்கும் கீபோர்டுல தட்டினதைத்தான் சுலபமா நகர்த்த முடிஞ்சது. இது ஒரு நிஜ டிரம்மர் வாசிச்ச ஒலியையே அடி அடியா வெட்டி, கோட்டு மேல நகர்த்தி, இடைவெளியை ஒட்டிடும். கூடுவாஞ்சேரியில நான் பார்த்தது அந்தப் பரம்பரையில வந்த வேலைதான்.

மெட்ராஸ் ஹால்

இப்ப நம்ம ஊர். 1970-கள் வரைக்கும் மெட்ராஸ் சினிமாப் பாட்டுன்னா ஒரு பெரிய ஹால். ஒரு பக்கம் வயலின் வரிசை, ஒரு பக்கம் தபலா, டோலக், இன்னொரு பக்கம் கிடார், பாடகர் ஒரு கூண்டுக்குள்ள. எல்லாரும் ஒரே நேரத்துல வாசிக்கணும். கடைசிச் சரணத்துல ஒரு புல்லாங்குழல் பிசகினா, மொத்தப் பேரும் முதல்ல இருந்து. அங்க தாளம் எங்க இருந்துச்சு? நடத்துனர் கையில கொஞ்சம், தபலாக்காரர் விரல்ல கொஞ்சம், மீதி எல்லாரோட காதுலயும். வயலின்காரர் தபலாவோட மூச்சைக் கேட்டு வில்லைப் போடுவார். பாடகி ஒரு சொல்லை இழுத்தா, தபலா காத்திருக்கும்.

இளையராஜா 1976-ல 'அன்னக்கிளி'யோட வர்றார். எல்லாருக்கும் தனித்தனியா நோட்டேஷன் எழுதிக் கொடுத்து வாசிக்க வைக்கிற முறையில அவர் ரொம்பக் கறாரானவர். அவரோட நீண்ட காலம் டிரம்ஸ் வாசிச்ச புருஷோத்தமனைக் கேளுங்க. ரொம்பத் துல்லியமான வாசிப்பு. ஆனா துல்லியமும் கட்டமும் ஒன்னு இல்லைங்கிறதுக்கு அந்த டிரம்ஸே போதும். நிரப்பு அடி முடிஞ்சு பல்லவி திரும்பும்போது ஒரு சின்ன உந்தல் இருக்கும். என் காதுக்கு அந்த உந்தல்லதான் பாட்டு திரும்பவும் எழுந்து நிக்குது.

அதே இளையராஜாதான் 1986-ல 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' ரெண்டுலயும் சீக்வென்சர் சத்தத்தைத் தைரியமா முன்னாடி கொண்டு வந்து நிறுத்தினார். அதை யாரும் "உயிர் இல்லை"ன்னு சொன்னதா ஞாபகம் இல்லை. புதுசா இருந்துச்சு, விண்வெளி மாதிரி இருந்துச்சு. மெஷின் மெஷினாவே பேசினா நமக்குப் பிரச்சினை இல்லை. மனுஷன் வாசிச்சதை மெஷின் மாதிரி ஆக்கும்போதுதான் ஏதோ உறுத்துது.

அவர்கிட்ட கீபோர்டு வாசிச்ச ஒரு பையன், அப்ப பேரு திலீப், 1989-ல கோடம்பாக்கத்துல வீட்டுப் பின்பக்கம் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்'னு ஸ்டுடியோ கட்டினார். 1992-ல 'ரோஜா' அங்கிருந்து வந்துச்சு. ஏ.ஆர்.ரஹ்மான் மாத்தினது சத்தத்தை மட்டும் இல்லை, வேலை முறையையே. ஹால்ல 50 பேர் ஒன்னா உட்கார்றதுக்குப் பதிலா, ஒவ்வொருத்தரா வந்து, ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற டிராக்கைக் கேட்டுக்கிட்டு வாசிச்சுட்டுப் போவாங்க. எதை எங்க வைக்கிறதுன்னு அப்புறம் முடிவாகும். இதுல கிடைச்ச சுதந்திரத்தை நாம குறைச்சுப் பேசக்கூடாது. ஒரு புல்லாங்குழல்காரர் தப்பைப் பத்திப் பயப்படாம மணிக்கணக்கா கற்பனை பண்ணலாம். 1993-ல 'கிழக்குச் சீமையிலே' வந்தப்போ, கம்ப்யூட்டர் பையன் கிராமத்துப் படத்துக்கு என்ன பண்ணிடப் போறான்னு கேட்டவங்க உண்டு. பாட்டு வந்து அந்தக் கேள்வியை முடிச்சு வச்சது. இன்னைக்கு மறைமலைநகர்ல ஒரு பெட்ரூம்ல லேப்டாப் வச்சு பாட்டுப் பண்ற பொண்ணுக்கு 50 பேர் கொண்ட ஹால் ஒருநாளும் கிடைச்சிருக்காது. அவங்களுக்கு இந்தக் கட்டம்தான் ஹால்.

ஆனா இந்தக் கணக்குல இன்னொரு பக்கம் இருக்கு, அதைப் பேசத்தான் இந்த எபிசோடே. ஒரு பறை வாசிப்பு அதோட சொந்த நடையில இருக்கிறவரைக்கும் அது அந்தப் பாட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். கட்டத்துல உட்கார வச்சு நாலு பார் வெட்டி எடுத்துட்டா, அது எந்தப் பாட்டுக்கும் பொருந்துற உதிரி பாகம். அதுக்குப் பேரு லூப். ஒரு தடவை கூலி, அப்புறம் அந்த ஆளையே கூப்பிட வேண்டாம். ரசனை ரசனைன்னு நாம பேசிக்கிட்டிருக்கிற இந்தத் திருத்தம், வாசிக்கிறவருக்கு வேலை விஷயம். அந்தக் கொஞ்சம் பின்னாடி விழுற அடிதான் அவரைத் திரும்பக் கூப்பிட வைக்கிற ஒரே காரணம். அதை எடுத்துட்டா, உபயம் எழுதின அந்த மோட்டார் முரசுக்கும் அவருக்கும் இடையில பெரிய வித்தியாசம் இல்லைன்னு ஆயிடும்.

ஏழு மீட்டர் தூரம்

ஒரு சின்னக் கணக்கு. காத்துல ஒலி செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சாமி ஊர்வலத்துல முன்னாடி பம்பைக்காரர், ஏழு மீட்டர் பின்னாடி இன்னொரு மேளக்காரர். முன்னாடி விழுற அடி பின்னாடி போய்ச் சேர 20 மில்லி செகண்ட் ஆகும். நாம கம்ப்யூட்டர்ல பிழைன்னு திருத்துற அளவும் இதேதான். அதாவது தெருவுல நின்னு கேட்ட எந்த இசையும் கட்டத்துல இருந்ததே இல்லை, இருக்கவும் முடியாது. நம்ம காது அந்த 20 மில்லி செகண்டை வச்சு "இவங்க பல பேர், கொஞ்சம் தள்ளித் தள்ளி நிக்கிறாங்க"ன்னு புரிஞ்சுக்குது. எல்லாத்தையும் கோட்டுக்கு இழுத்தா தெரு சுருங்கிடும். பத்துப் பேர் ஒரே புள்ளியில நிக்கிற மாதிரி கேட்கும்.

இதை மாமல்லபுரத்துல நின்னு யோசிச்சப்போ எனக்கு வேற ஒன்னு கண்ணுல பட்டுச்சு. அங்க பல்லவர் காலத்துல முடிக்காம விட்ட குடைவரைகள் இருக்கு. பயணிகள் பெரும்பாலும் பார்க்காமலே போயிடுவாங்க. பாறை முகத்துல சதுரம் சதுரமா கட்டம் வெட்டி வச்சிருப்பாங்க. ஆழமான கோடு போட்டு, நடுவுல மிஞ்சுற கட்டியை உடைச்சு எடுத்து, அப்படியே உள்ள போறது. அதான் வேலை முறை. முடிச்ச குகையில அந்தக் கட்டத்தைத் தேடினா கிடைக்காது. மேல வேலை நடக்க நடக்க அது காணாமப் போயிடும். 1,300 வருஷத்துக்கு முந்தின கிரிட். கடற்கரைக் கோயிலைக் கட்டின ராஜசிம்மனுக்கு, காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் கல்வெட்டுல இருக்கிற பட்டப்பேர்கள்ல வீணா நாரதன், ஆதோத்ய தும்புருன்னு ரெண்டு இசைப் பட்டமும் உண்டுங்கிறது இங்க ஒரு உபரித் தகவல்.

இன்னைக்கும் அந்த ஊர்ல சிற்பக் கூடங்கள்ல உளிச் சத்தம் கேட்கும். இப்ப கட்டிங் மிஷினோட இரைச்சல் அதை அமுக்கிடுது, இருந்தாலும் கண்ணு, விரல், நகை வேலைக்கு உளிதான். 2017-ல மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. ஒரு கூடத்து வாசல்ல உட்கார்ந்து சுத்தியல் சத்தத்தைப் பதிவு பண்ணேன். டக் டக் டக்னு சீரா போகும், திடீர்னு ஒரு அடி தயங்கும், அப்புறம் ரெண்டு வேகமா வரும். கேட்டதுக்கு அவர், "கல்லு அங்க கெட்டியா இருக்குங்க"ன்னு சொன்னார். தயக்கம் அவரோட பிழை இல்லை, கல்லைப் பத்தின தகவல். அந்த ஒலியைக் குவான்டைஸ் பண்ணா தாளம் கிடைக்கும், கல்லு போயிடும்.

விஞ்ஞானம் என்ன சொல்லுது

இதெல்லாம் என்னோட ஏக்கம் மட்டும்தானான்னு ஒரு சந்தேகம் வரலாம். எனக்கும் வந்துச்சு. ஆராய்ச்சிகள் ரெண்டு பக்கமும் இருக்கு.

விஜய் ஐயர்னு ஒரு ஜாஸ் பியானோக்காரர், அமெரிக்காவுல பிறந்து வளர்ந்த தமிழர். 1998-ல பெர்க்லியில டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கிட்ட விஷயமே இதுதான்: தாளத்துக்குள்ள இருக்கிற இந்த நுண்ணிய நேர வித்தியாசம். தாளம் மூளையில ஓடுற எண்ணிக்கை மட்டும் இல்லை, உடம்போட அசைவுல இருந்து வர்றதுங்கிறது அவர் வாதம். கருப்பின அமெரிக்க இசையில ஸ்நேர் அடி ஒரு துளி பின்னாடி விழுறதை, கால் மிதிச்சதுக்கு அப்புறம் கை தட்டுறதோட அவர் சேர்த்துப் பார்க்கிறார். பம்பையோட வெண்கலப் பக்கமும் மரப் பக்கமும் எனக்கு உடனே ஞாபகம் வந்துச்சு.

2011-ல ஹோல்கர் ஹென்னிக் குழு, கானா நாட்டு டிரம்மர் ஒருத்தரை மெட்ரோனோமோட வாசிக்க வச்சு அளந்தாங்க. அவரோட விலகல்கள் கண்டபடி சிதறலை. ஒரு அடியோட விலகல் ரொம்ப நேரம் கழிச்சு வர்ற அடியோட விலகலோடயும் தொடர்பு வச்சிருந்துச்சு. சாஃப்ட்வேர்ல 'ஹியூமனைஸ்'னு ஒரு பட்டன் இருக்கும், அது பெரும்பாலும் அடிகளைக் கண்டபடி கலைச்சுப் போடும். அந்த மாதிரி கலைச்சதைவிட, தொடர்புள்ள விலகலைத்தான் கேட்டவங்க அதிகம் விரும்பினாங்க. மனுஷத்தனத்தைத் தூவ முடியாதுன்னு வச்சுக்கலாம்.

எதிர்ப்பக்கம்: 2013-ல மேத்யூ டேவிஸ், கை மேடிசன் குழு சின்னச் சின்னத் தாளத் துண்டுகளை வச்சு சோதிச்சாங்க. நேர விலகலைக் கூட்டக் கூட்ட, ஆடத் தோணுற உணர்வு பொதுவா குறைஞ்சுதான் போச்சு. இதை நான் மறைக்க விரும்பலை. செயற்கையா சேர்த்த விலகல் ஒன்னு, ஒரு ஆள் பழகிச் சேர்த்த விலகல் இன்னொன்னுன்னு நான் பதில் சொல்வேன். ஆனா "மெஷின்னாலே செத்த இசை"ன்னு மேடையில பேசுறவங்களுக்கு இந்த ஆய்வு நல்ல மருந்து.

டெட்ராய்ட்டோட ஜே டில்லாவும் அந்த மருந்துல ஒரு பங்கு. எம்.பி.சி-யில வாசிச்சவர், 2006-ல 32 வயசுல இறந்துட்டார். ஒரு அடி நேரா, ஒரு அடி ஸ்விங்கா, இன்னொன்னு வேணும்னே முன்னாடி தள்ளி. மெஷினை வச்சே மெஷின் மாதிரி இல்லாத ஒரு நடையை உருவாக்கினார், அப்புறம் நிஜ டிரம்மர்கள் அதை உட்கார்ந்து பழகினாங்க. அவரோட எம்.பி.சி இன்னைக்கு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு.

கர்நாடக இசைக்காரங்க இந்த இடத்துல கை தூக்குவாங்க: "நாங்க எடுப்பையே அரை இடம், முக்கால் இடம் தள்ளித்தானே வைக்கிறோம்?" உண்மைதான், ஆனா அது எண்ணி வைக்கிற இடம். கட்டத்தை நுணுக்கமா பிரிச்சா அங்க ஒரு கோடு இருக்கும். கண்ட நடைக்கு அஞ்சு, மிஸ்ரத்துக்கு ஏழுன்னு சாஃப்ட்வேர்ல செட்டிங் மாத்தினாலும் வேலை ஆயிடும். பம்பையோட விஷயம் அப்படி இல்லை. அங்க போட்டுக்க கோடே இல்லை.

கடைசியா ஒன்னு, என்னை ரொம்ப யோசிக்க வச்சது. பம்பைக்காரங்க பாடுறதுக்கு வர்ணிப்புன்னு பேரு. அம்மனை வர்ணிச்சுக் கூப்பிடுறது. மெதுவா ஆரம்பிக்கும், உடுக்கை சேரும், சிலம்பு சேரும், வேகம் ஏறிக்கிட்டே போகும். எதிர்ல நிக்கிறவர் முகத்தைப் பார்த்துக்கிட்டே ஏத்துவாங்க. ஒரு கட்டத்துல அவருக்கு அருள் வரும். அந்த வேக ஏற்றம் அலங்காரத்துக்கு இல்லை, அதுதான் அங்க வேலை செய்யுது. ஆசான்கிட்ட, ரெக்கார்டிங்ல முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே வேகத்துல வச்சா என்ன ஆகும்னு கேட்டேன்.

"பாட்டு இருக்கும். அவ வர மாட்டா."

நம்பிக்கை இருக்கிறவங்க அதை ஒரு மாதிரி எடுத்துக்கலாம், இல்லாதவங்க வேற மாதிரி. ரெண்டு பேருக்கும் விஷயம் ஒன்னுதான். ஆடி மாசம் செங்கல்பட்டுத் தெருக்கள்ல ஒலிபெருக்கி கட்டினா, எல்.ஆர்.ஈஸ்வரியோட பழைய அம்மன் பாட்டும் ஓடும், லேப்டாப்ல செஞ்ச புதுசும் ஓடும். இந்த வருஷம் நின்னு கேளுங்க. போன்ல டேப் டெம்போ ஆப் ஒன்னு போட்டுக்குங்க. முதல் பல்லவியோட சேர்ந்து தட்டுங்க, எண்ணைக் குறிச்சுக்குங்க. கடைசிச் சரணத்துல திரும்பத் தட்டுங்க. 1980-க்கு முந்தின ஒரு சினிமாப் பாட்டுலயும், இந்த வருஷத்துப் பாட்டு ஒன்னுலயும் இதையே செஞ்சு, நாலு எண்ணையும் பாட்டு பேரோட எங்களுக்கு அனுப்புங்க. வர்றதை எல்லாம் வச்சு அடுத்த எபிசோடுல ஒரு பட்டியல் படிக்கிறேன்.